வரிசையில் நிற்க வைத்த அம்மையார்

இந்த மலருக்கு யார் எதை எழுதுவது என்று பழைய மாணவிகள் சங்கத்தில் நாம் பேசத் தொடங்கியபோது, அதிபர்களைப் பற்றி எழுதப் பலர் கைதூக்கினர். விடுதி வாழ்க்கை, ஒளிவிழா, நாடக மேடை, நூலகம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. உடற்கல்விப் பாடத்தைப் பற்றி எழுத மட்டும் ஒருவரும் இல்லை. அதெல்லாம் ஒரு பாடமா என்று ஒருவர் சிரித்தார். ஆனால் பேச்சு மெல்ல மெல்ல அந்தப் பக்கமே திரும்பி, கூட்டம் முடிய இரவாகிவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து தொலைபேசியில் இணைந்திருந்தவர்களுக்கும் அந்த வேப்பமரமும் விசிலும் நன்றாகவே நினைவிருந்தன.

எங்கள் காலத்து ஒழுங்கு இதுதான். மணியடித்து ஐந்து நிமிடத்துக்குள் உடைமாற்றி மைதானத்தில் நிற்க வேண்டும். இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கட்ட வேண்டும். காப்பு, சங்கிலி, கைக்கடிகாரம் மூன்றும் வகுப்பறையில் மொனிற்றரிடம். உயர வரிசைப்படி நின்று, கையை நீட்டி இடைவெளி எடுத்து, வலப்பக்கம் பார்த்து வரிசையை நேராக்கி, ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டும். சப்பாத்து மறந்தவள் வேப்பமரத்தடியில். வீட்டிலிருந்து கடிதம் கொண்டு வந்தவளும் வேப்பமரத்தடியில். பந்தைத் தொடுவதற்கு முன் கை, கழுத்து, முதுகு, கால் என்று ஒரு சுற்றுப் பயிற்சி. பாடம் முடிய மூச்சுப் பயிற்சி. பிறகு வரிசையாகத் தண்ணீர்க் குழாயடிக்கு.

இவற்றை எங்கள் ரீச்சரே கண்டுபிடித்தார் என்றுதான் அன்று நினைத்திருந்தோம். ரீச்சருக்கு அவரது ரீச்சர் சொன்னது, அவருக்கு மிஷன் காலத்து வெள்ளைக்கார அம்மா சொன்னது என்று பின்னோக்கிப் போனால், பெண்பிள்ளைகளின் உடற்கல்வியைப் பொறுத்தவரை பாதை பெரும்பாலும் ஒரு சுவீடியப் பெண்மணியின் வாசலுக்கே போய்ச் சேர்கிறது. தம் காலத்தில் இங்கிலாந்தின் பெண்கள் பாடசாலைகள் எங்கும் அறியப்பட்டிருந்தவர் மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்ரர்பேர்க் அம்மையார். அவரை அறிமுகப்படுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சுவீடனின் தென்கோடியில் ஸ்கோனே என்ற மாகாணம் இருக்கிறது. வயலும் பண்ணையுமான பூமி. அங்கே ஹம்மார்லுண்டா என்ற ஊரில் 1849 ஒக்ரோபர் 7ஆம் திகதி ஒரு விவசாயக் குடும்பத்தில் மார்ட்டினா பேர்க்மன் பிறந்தார். இருபது வயதுக்குப் பின் சில ஆண்டுகள் வீட்டாசிரியையாக இருந்தார். நூலகப் பணியும் செய்தார். அக்காலத்தில் தயாராகிக்கொண்டிருந்த பெரிய சுவீடியக் கலைக்களஞ்சியம் ஒன்றின் வேலையிலும் பங்குபற்றினார். படித்த பெண்ணுக்கு அன்றைய ஐரோப்பாவில் திறந்திருந்த கதவுகள் இவ்வளவுதான். முப்பதை நெருங்கும் வயதில், 1879இல், அவர் ஸ்ரொக்ஹோமிலிருந்த அரச மத்திய உடற்பயிற்சி நிறுவனத்தில் மாணவியாகச் சேர்ந்தார். முப்பது வயதுக்காரி கயிறு ஏறவும் மரக்குதிரை தாண்டவும் பழகப் போனார் என்பதை, நாற்பதிலேயே முழங்கால் நோகிறது என்று சொல்லும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த நிறுவனத்தை 1813இல் தொடங்கியவர் பேர் ஹென்றிக் லிங். பெண்களுக்கு அங்கே முறையாகப் பயிற்சி கிடைக்கத் தொடங்கியது 1864இல். லிங்கின் முறை வித்தைகாட்டும் முறை அன்று. உடலின் எந்தப் பகுதிக்கு எந்த அசைவு, எந்த நிலையிலிருந்து அது தொடங்க வேண்டும், எத்தனை தடவை செய்ய வேண்டும் என்று உடற்கூற்றியலை அடிப்படையாக வைத்து வகுத்தது. நிற்றல், முழந்தாளிடல், இருத்தல், படுத்தல், தொங்குதல் ஆகிய ஐந்தும் அடிப்படை நிலைகள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நாளொழுங்கு உண்டு. முதலில் வரிசையும் இலகுவான அசைவுகளும், பின் முதுகை வளைத்தல், தொங்குதல், சமநிலை, தோள், வயிறு, பக்கவாட்டு அசைவுகள், நடையும் ஓட்டமும், அதற்குமேல் பாய்தல், கடைசியில் மூச்சுப் பயிற்சி. இலகுவில் தொடங்கிக் கடினத்துக்கு ஏறி மறுபடி இலகுவுக்கு இறங்கும். பிள்ளை அடுத்த பாடத்துக்கு மூச்சிரைக்கப் போய் உட்காரக்கூடாது என்பதே கடைசி மூச்சுப் பயிற்சியின் காரணம். கணக்குப் பாடத்துக்கு முன்பு ரீச்சர் எங்களை ஏன் கையைத் தூக்கி இறக்க வைத்தார் என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கட்டளை சொல்வதற்கும் ஒழுங்கு இருந்தது. என்ன செய்யப் போகிறோம் என்பது முதலில் நிதானமாக வரும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு செய்யச் சொல்லும் சொல், வெட்டினாற்போல. அந்த இடைவெளியில்தான் நாற்பது பிள்ளைகளின் மனமும் ஒன்றாகும். இடைவெளி விடத் தெரியாத ஆசிரியையின் வகுப்பு ஆளுக்கொரு பக்கம் கை தூக்கும். எங்களில் ஆசிரியைகளாகப் போனவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

1881இல் படிப்பு முடிந்த கையோடு லண்டன் பாடசாலைச் சபை அவரைத் தன் பெண்கள் பாடசாலைகளினதும் பாலர் பாடசாலைகளினதும் உடற்பயிற்சி மேற்பார்வையாளராக நியமித்தது. அவருக்கு முன் அப்பணியைத் தொடங்கி வைத்தவர் கொன்கோர்டியா லோவ்விங் என்ற இன்னொரு சுவீடியப் பெண். லண்டனின் ஏழைப் பிள்ளைகள் படித்த பாடசாலைகள் அவை. அம்மையார் தாமே எல்லாப் பாடசாலைக்கும் போய்ப் பழக்க முடியாது என்பதை உடனே கண்டுகொண்டு, ஆசிரியைகளைப் பழக்கினார். சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியைகள் அவரிடம் பயின்றனர். ஏறத்தாழ 300 பாடசாலைகளில் சுவீடிய உடற்பயிற்சி நுழைந்தது. வெறுங்கையும் திறந்த முற்றமும் போதும், உபகரணம் இல்லாமலே நடத்தலாம் என்பது இதற்குப் பெரிதும் உதவியது. எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலும் இது நிலைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறோம். கறள் பிடித்த ஒரு வலைப்பந்துக் கம்பத்தைத் தவிர எங்களிடம் என்ன இருந்தது?

ஆனால் அந்த வேலையில் அவருக்கு மனம் நிறையவில்லை. போதிய உணவில்லாத, நெருக்கடியான வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நிமிடப் பயிற்சியால் ஆவது கொஞ்சமே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அடுத்து அவர் செய்ததுதான் விவாதத்துக்குரியது. அவர் ஏழைகளின் பாடசாலைகளை விட்டு நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் பக்கம் போனார். அவர்களைப் பழக்கினால் அவர்கள் மூலம் மாற்றம் பரவும் என்று கணக்குப் போட்டார். கணக்கு ஒருவகையில் சரியாகத்தான் வந்தது. என்றாலும் பசியோடு வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது எங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்துகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் காலைச் சாப்பாடில்லாமல் வந்து, அணிவகுப்பில் மயங்கி விழுந்த வகுப்புத் தோழிகளை நாமும் கண்டிருக்கிறோம்.

1885இல், சபையின் வேலையில் இருந்தபடியே, லண்டன் ஹம்ஸ்ரெட்டில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நான்கே மாணவிகள். அடுத்த ஆண்டு சுவீடனில் பாடசாலை அதிபராக இருந்த கலாநிதி எட்வின் ஓஸ்ரர்பேர்க்கை மணந்தார். கலியாணத்துடன் பெண்ணின் உத்தியோகம் முடிந்துவிடும் காலத்தில் அவர் வேலை முடியவில்லை. பெயருடன் இன்னொரு பெயர் சேர்ந்தது, அவ்வளவே. மாணவிகள் அவரை மடாம் என்றே அழைத்தனர். 1895இல் கல்லூரி கென்ற் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்ட்டுக்கு, கிங்ஸ்ஃபீல்ட் என்ற பெரிய வளவுக்கு இடம் மாறியது. அங்கே மைதானத்துக்குக் குறைவில்லை.

இரண்டாண்டுப் படிப்பு. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம், அசைவுகளின் கோட்பாடு, மருத்துவ உடற்பயிற்சி, மசாஜ் ஒருபுறம். உடற்பயிற்சி, நடனம், நீச்சல், ஹொக்கி, லக்ரோஸ், கிரிக்கெற், ரெனிஸ் மறுபுறம். அருகிலுள்ள பாடசாலைகளுக்குப் போய்க் கற்பித்தும் பழக வேண்டும். சுவீடிய உடற்பயிற்சியும் ஆங்கிலேய விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தது இங்கேதான். முதலில் பயிற்சி, பிறகு விளையாட்டு என்று எங்கள் பாடவேளை இரண்டாகப் பிரிந்திருந்தது நினைவிருக்கிறதா?

அக்காலத்து உடையைப் பற்றிச் சொல்லாமல் அவரது விதிகளை விளங்கிக்கொள்ள முடியாது. வசதியான குடும்பத்துப் பெண் இடையை இறுக்கும் கோர்செற் அணிந்து, அதன்மேல் தரையைக் கூட்டும் பாவாடை அணிந்திருப்பாள். ஆழமாக மூச்சு விடவே முடியாது. அதிகம் படித்தாலும் அதிகம் ஓடினாலும் பெண்ணின் உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்களே எழுதிய காலம். மடாமின் கல்லூரியில் கோர்செற்றுக்கு இடமில்லை. அவருடைய மாணவி மேரி ரெயிற் என்பவர் 1892 அளவில் வடிவமைத்ததாகச் சொல்லப்படும் உடைதான் ஜிம்ஸ்லிப். கையில்லாத, தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக விழும், முழங்கால் வரையான உடை. உள்ளே ஒரு பிளவுஸ், இடையில் தளர்வான ஒரு பட்டி. குனியலாம், தொங்கலாம், ஓடலாம். பின்னர் அதுவே இங்கிலாந்துப் பெண்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையாகி, அவர்களது பாடசாலைகள் போன இடமெல்லாம் போயிற்று.

உடைமாற்று என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொன்னபோது எங்களுக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. ஆனால் டிவைடட் ஸ்கேர்ட்டுடன் மைதானத்தில் நின்ற அந்த நாற்பது நிமிடம், எங்களில் பலருக்கு நாளில் வேறெங்கும் கிடைக்காத நாற்பது நிமிடம். பெரியபிள்ளையானதும் சைக்கிளை வீட்டில் பூட்டி வைத்தார்கள், ஒழுங்கையில் ஓடாதே என்றார்கள். எங்களுள் ஒருத்தி மாவட்டப் போட்டிக்குத் தெரிவாகியும், முழங்கால் தெரிய ஓடவேண்டும் என்பதால் வீட்டார் மறித்துவிட்டார்கள். அவள் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கடிதத்துடன் வந்து வேப்பமரத்தடியில் இருந்தாள். இன்று பேர்த்திகளின் நீச்சல் வகுப்புக்கு வாசலில் காத்திருப்பவள் அவள்தான்.

மீண்டும் மடாமிடம் வருவோம். அவர் இனிமையானவர் என்று எழுதினால் அது பொய். மாணவியைச் சேர்க்கும்போதே உடல்நலம், உடற்கட்டு, கல்வி, பேச்சு எல்லாம் பார்ப்பார். சேர்ந்த பிறகும் பரீட்சைக் காலம் முடியவில்லை. தகுதியில்லை என்று தோன்றினால் இடைநடுவில் அனுப்பிவிடுவார், அதன்மேல் பேச்சில்லை. பெற்றார் கட்டிய பணம், பிள்ளையின் கனவு இவற்றை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நின்று பிடித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் அவரது பிடிவாதத்தின் மறுபக்கம் தெரிகிறது. றோடா ஆன்ஸ்ரி 1897இல் தம் பெயரில் ஒரு கல்லூரி தொடங்கினார். மார்கரெற் ஸ்ரான்ஸ்ஃபீல்ட் 1903இல் பெட்ஃபோர்ட்டில் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியை என்பது பெண்ணுக்கு மதிப்பும் சம்பளமும் உள்ள ஓர் உத்தியோகமாகியது இவர்களால்தான். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதிலும் மடாம் உறுதியாக நின்றவர்.

பழைய மாணவிகள் சங்கத்தவரான எமக்குச் சுவையான ஒரு கதையும் உண்டு. 1899இல் அவரிடம் படித்த சிலர் சேர்ந்து, சுவீடிய முறையில் பயின்ற ஆசிரியைகளுக்காக லிங் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தனர். வேறு இடங்களில் பயின்றவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. மடாமுக்கு அது பிடிக்கவில்லை. ஒதுங்கிக்கொண்டார். தம் மாணவிகளுக்கென்று தனியாக வேறொரு சங்கம் அமைத்தார். ஒரு பாடசாலைக்கு இரண்டு பழைய மாணவர் சங்கம் இருப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதென்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வலைப்பந்தின் கதை இதனுடன் பின்னியது. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் அங்கிருந்து வந்த ஒரு விருந்தினர் மடாமின் கல்லூரி மாணவிகளுக்கு அதைக் காட்டினார். வளையம் இல்லை. குப்பைக் கூடைகளைச் சுவரில் மாட்டி விளையாடினர். டார்ட்ஃபோர்ட்டுக்குப் போன பின் ஆட்டம் புல்வெளிக்கு இறங்கியது. கூடை போய்க் கம்பமும் வளையமும் வந்தன. ஆடுகளம் மூன்றாகப் பிரிந்தது. 1901இல் அதன் விதிகள் முதன்முதலில் அச்சாயின, 250 பிரதிகள். அச்சிட்டது மடாம் ஒதுங்கி நின்ற அதே லிங் சங்கம்.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, பந்துடன் அடியெடுத்து வைக்கக்கூடாது, மற்றவள் கையிலிருந்து பறிக்கக்கூடாது, உன் எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது. நீண்ட பாவாடைக்காக வந்த விதிகள் என்று இவற்றைச் சொல்வதுண்டு. பெண்ணை அடக்கி வைக்க வந்த விதிகள் என்று குறைசொல்வோரும் உண்டு. விளையாடியவர்களுக்கு வேறொன்று தெரியும். பந்து கையில் மூன்று வினாடிதான். அதற்குள் ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரியும் தனியே போய்க் கோல் போட முடியாது. சென்ரர் நின்றவளுக்கும் கோல் கீப்பருக்கும் வகுப்பில் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் பந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

மடாமின் கருத்துகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க முடியாது. வலிமையான தாய்மாரால் இனம் வலிமை பெறும் என்ற எண்ணம் அவரிடம் அழுத்தமாக இருந்தது. அன்றைய ஐரோப்பாவில் படித்தவர் பலர் அப்படிப் பேசினர். அந்தப் பேச்சு பின்னர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் கண்டது. இனத்தின் பெயரால் என்னென்ன நடக்கும் என்பதை இத்தீவில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பெண்பிள்ளை ஓடுவது யாருடைய இனத்துக்காகவும் அல்ல, ஓட ஆசைப்பட்டதற்காகவே என்று எங்கள் ரீச்சர் நினைத்திருப்பார் என்று நம்புகிறோம்.

1915இல் நோயுற்றிருந்த நிலையில் அவர் தம் கல்லூரியைத் தனிச் சொத்தாக வைத்திராமல் அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு ஜூலை 29ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். வயது 65. கல்லூரி அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆசிரியைகளைப் பயிற்றியது. 1970களில் பெரிய உயர்கல்வி நிறுவனம் ஒன்றுடன் இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. அதன் படங்களையும் உடைகளையும் கடிதங்களையும் காத்து வைத்தவர்கள் அதன் பழைய மாணவிகள்.

வலைப்பந்து எங்கள் தீவுக்கு 1920களில் வந்தது. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் முதலில் வேர்விட்டது. இன்னொரு சேதி எங்களில் பலருக்குத் தெரியாது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி அனைத்துலகச் சம்மேளனத்தை அமைக்க 1960இல் பிரதிநிதிகள் கூடியது இலங்கையில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது பங்குகொண்ட 11 அணிகளில் இலங்கையும் ஒன்று. அதற்கு வெகுகாலத்தின் பின் யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம் அந்த அணியில் கோல் வளையத்தடியில் நின்றதைப் புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்த நாமும் திரையில் பார்த்தோம்.

நூற்றாண்டு விழா வாரத்தில் பழைய மாணவிகளுக்கும் இந்நாள் மாணவிகளுக்கும் வலைப்பந்துப் போட்டி ஒன்று ஒழுங்குசெய்ய எண்ணியுள்ளோம். எழுவர் வேண்டும், மாற்றுக்கு ஐவர். பெயர் தருவோர் சப்பாத்துடன் வரவும். காப்பு, சங்கிலி கழற்ற வேண்டும். கடிதம் கொண்டு வருவோருக்கு வேப்பமரத்தடியில் கதிரை போடப்படும். புள்ளி குறிப்பதற்கும் ஆட்கள் தேவை.